தம்பியின் மெடிக்கல்

தம்பி காலையில் ஓட ஆரம்பித்தபோது எங்கள் வீட்டில் யாரும் சந்தோஷப்படவில்லை. நாங்கள் குடியிருக்கும் கசார்வாடியில் ரயில் தண்டவாளத்தை ஒட்டி ஒரு பொட்டல் உண்டு. அங்கேதான் பதினேழு வயதில் அவன் கஞ்சா பழகினான். மறுவாழ்வு மையத்தில் சில மாதம் இருந்து திரும்பிய பிறகு அந்தப் பக்கம் போகவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தான். இப்போது ஷூவை மாட்டிக்கொண்டு அதே பொட்டலுக்குப் போகிறான். கேட்டால், ராணுவத்தில் சேரப் பயிற்சியாம்.

ஒருநாள் அவனுக்குத் தெரியாமல் பின்னாலேயே போனேன். உண்மையாகவே ஓடிக்கொண்டிருந்தான். அப்போதும் என் மனம் ஆறவில்லை. நான் வருவதைப் பார்த்துவிட்டுத்தான் ஓடுகிறானோ என்று தோன்றியது.

ஆள்சேர்ப்பு ஓட்டத்தில் அவன் தேறியதும் மெடிக்கலுக்கு, அதாவது உடல் பரிசோதனைக்கு, கூப்பிட்டுவிட்டார்கள். அப்பா லேத் பட்டறையிலிருந்து வந்ததும் அவனை உட்காரவைத்தார்.

“ஏல, பழசையெல்லாம் அங்க போயி உளறிராத. கேட்டா இல்லன்னு சொல்லிரு.”

“இல்லன்னு சொல்லி, பின்னாடி தெரிஞ்சா ட்ரெய்னிங் பாதியில துரத்திருவாங்கப்பா.”

“எவம்ல போய்ச் சொல்லப் போறான்?”

கேட்ட மறுநொடியே அப்பாவின் பார்வை பக்கத்து வீட்டுச் சுவர் மேல் போனது. குழாயடிச் சண்டையிலிருந்து அந்த மராத்திக்கார அம்மாவோடு எங்களுக்குப் பேச்சில்லை. ராணுவத்தில் எடுப்பதற்கு முன் போலீஸ் அவனைப் பற்றி விசாரிக்க வந்தால் முதலில் அவர்களைத்தான் கேட்கும். மறுநாள் அம்மா ஒரு தட்டில் இட்லி வைத்து அந்த வீட்டுக்கு என்னிடம் கொடுத்தனுப்பினாள். அவர் கதவைத் திறந்து, இட்லியையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். “இன்னிக்கு என்ன திடீர்னு?” என்று மராத்தியில் கேட்டார். சும்மாதான் என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

மெடிக்கல் முடிந்து தம்பி வந்த மாலை, சட்டையைக்கூட மாற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தான்.

“அன்ஃபிட். இடது காது சவ்வுல ஓட்டையாம்.”



“காதா, மூத்திரமா?” என்றார் அப்பா.

“காதுதான்ப்பா. டாக்டர் கேட்டாரு, முன்னாடி கஞ்சா அடிச்சிருக்கேன், விட்டுட்டேன்னு சொன்னேன். யூரின் டெஸ்ட்ல ஒண்ணும் இல்ல.”

“நீ வாயத் தொறந்ததாலதான் காதுன்னு சாக்குச் சொல்லி அனுப்பிட்டான்.”

அம்மா அடுக்களைக்குள் போனாள். டெஸ்டில்தான் மாட்டியிருப்பான் என்று பிறகு என் காதோடு சொன்னாள். அப்பாவுக்கு டாக்டர் மேல் சந்தேகம். அம்மாவுக்கு மகன் மேல். எனக்கு யார் மேல் என்று எனக்கே தெரியவில்லை.

சனிக்கிழமை அவனைப் பிம்ப்ரியில் ஒரு காது டாக்டரிடம் கூட்டிப்போனேன். ஆட்டோவில் அவன் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்.

“அக்கா, காதைக் காட்டவா போறோம்? நான் பொய் சொல்றேனான்னு பார்க்கவா?”

“ரெண்டுக்கும்தான்” என்றேன். அவன் வெளியே திரும்பிக்கொண்டான்.

டாக்டர் குழாயைக் காதுக்குள் விட்டுத் திரையில் காட்டினார். வெளுத்த சவ்வு, நடுவில் சின்னதாகக் கருப்பு. பழைய சீழ் அரித்ததாக இருக்கும், ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார். அந்த ஓட்டையைப் பார்த்ததும் எனக்கு அப்படி ஒரு நிம்மதி. தம்பி என் முகத்தைக் கவனித்துக்கொண்டிருந்தான். திரும்பி வரும்போது ஆட்டோவில் டிரைவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டான்.

மறுபரிசோதனைக்கு வர ராணுவத்தில் ஒரு கெடு கொடுத்திருந்தார்கள். அதற்குள் காது ஆறாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அரசு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து, ஓட்டை மூடியபோது அடுத்த ஆள்சேர்ப்புக்கு அவனுக்கு வயது தாண்டியிருந்தது. திரையில் கண்டதை நான் எத்தனை முறை சொல்லியும் அப்பா தலையாட்டுவார், அவ்வளவுதான்.

இப்போது அவனுக்குச் சாகண் தொழிற்பேட்டையில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. அங்கேயும் சேர்வதற்கு முன்னால் மெடிக்கல் வைத்தார்கள். முடித்து வந்தவனை அப்பா வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

“அங்கயும் சொல்லிட்டியால?”

“அங்க யாரும் கேக்கலப்பா.”

அப்பா அதையும் நம்பவில்லை.