ஹன்னாவுக்கா, அன்னாவுக்கா?

உருளைக்கிழங்கு ஏற்றுகிற லாரியில் ஒன்பது மணி நேரம் குலுங்கிக்கொண்டே வந்து ஒடீல் வியோலெட் டன்மோர் ஹில் பள்ளி வாசலில் இறங்கினாள். 1984 செப்டம்பர். அவளுக்குப் பதினாலு வயது. மெய்ன் மாநிலத்தின் வடகோடியில், ஆற்றைத் தாண்டினால் கனடா என்கிற இடத்தில் அவர்கள் பண்ணை இருந்தது. அங்கே வீட்டிலும் பிரெஞ்சு, தேவாலயத்திலும் பிரெஞ்சு, கடையில் சண்டை போடுவதும் பிரெஞ்சில்தான். ஆங்கிலம் பள்ளிக்கூடத்தோடு சரி. கணக்கில் அவள் வாங்கிய மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு, சம்பளம் கட்ட வேண்டாம், வந்து சேர்ந்தால் போதும் என்று நியூ ஹாம்ப்ஷயரிலிருந்த இந்த விடுதிப் பள்ளி கடிதம் போட்டிருந்தது.

அவளுடைய பப்பா பெட்டியை இறக்கி வைத்தார். கட்டடத்தை அண்ணாந்து பார்த்தார்.

"கூரை நல்லா போட்டிருக்காங்க," என்றார். அவர் சொன்ன ஒரே வாக்கியம் அதுதான். அவள் தலையில் ஒரு கையை வைத்து எடுத்துவிட்டு லாரியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

முதல் வாரமே ஒடீலின் மானம் போயிற்று. வரலாற்று வகுப்பில் ஒரு பக்கத்தை உரக்கப் படிக்கச் சொன்னார்கள். பிரெஞ்சு நாக்குக்கு 'ஹ' வராது. ஹென்றி அரசர் அவள் வாயில் என்றி ஆனார். எங்கேயோ ஒரு 'ஹ' விட்டுப்போகிறது என்று அவளுக்கே தெரிந்ததால் பயந்துபோய், அடுத்து வந்த எட்வர்ட் அரசருக்கு அதைத் தூக்கிக் கொடுத்தாள். ஹெட்வர்ட். வகுப்பு முழுக்கச் சிரித்தது. பின் வரிசையிலிருந்து அன்னா லிண்ட்க்விஸ்ட், "ஹெட்வர்ட் மகாராஜா வாழ்க," என்றாள். அன்னாவுக்கு ஒடீலைவிட ஒரு வயது அதிகம். நாக்கோ பத்து மடங்கு நீளம். அன்றிலிருந்து விடுதியில் ஒடீலின் பெயர் ஹெட்வர்ட்.

இனி உப்பு வேண்டும், கதவைத் திற, இந்த மாதிரி அவசியத்துக்கு மட்டும் வாயைத் திறப்பது என்று ஒடீல் முடிவு செய்தாள்.

டன்மோர் ஹில்லில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வேலை உண்டு. பாத்திரம் கழுவுவது, குதிரை லாயத்தைக் கூட்டுவது, பனி விழுந்தால் தள்ளுவது. உருளைக்கிழங்கு தோல் சீவுகிற வேலை கிடைத்தால் சொர்க்கம் என்று ஒடீல் நினைத்திருந்தாள். அங்கே யாரோடும் பேச வேண்டாம், கைக்குப் பழகிய வேலை வேறு. பலகையில் ஒட்டிய பட்டியலைப் போய்ப் பார்த்தாள். அவள் பெயருக்கு நேரே 'தொலைபேசி' என்று இருந்தது.

விடுதிக் காப்பாளர் மிஸஸ் பிரிட்சார்டிடம் போய் நின்றாள்.

"என்னால போன்ல பேச முடியாது."

"அதனாலதாம்மா உனக்குக் கொடுத்தேன்," என்றார் அவர். "போன வருஷம் ஒருத்தி இருந்தா. கூப்பிடுறவங்ககிட்ட எல்லாம் அரை மணி நேரம் அரட்டை. நீயாவது சீக்கிரம் வெச்சிடுவே."

நார்த் ஹவுஸில் நாற்பத்திரண்டு பெண்கள், மூன்று மாடி, மாடிப்படிக்குக் கீழே ஒரே ஒரு போன். பக்கத்தில் ஒரு பெஞ்சு, கயிற்றில் கட்டிய பென்சில், இளஞ்சிவப்புச் சீட்டுக் கட்டு. மாலை ஆறரையிலிருந்து ஏழே முக்கால் வரை ஒடீல் அங்கே உட்கார வேண்டும். மணி அடித்தால் எடுத்து, கேட்கிற பெண்ணை அழைக்க வேண்டும். அவள் இல்லையென்றால் செய்தியைச் சீட்டில் எழுதிப் பலகையில் குத்த வேண்டும்.

முன்னால் இந்த வேலையில் இருந்தவர்கள் படிக்கட்டுக்கு அடியில் நின்றபடியே, "ஏய், ஜோன், உன் ஆள் லைன்ல இருக்கான்," என்று மூன்று மாடிக்கும் கேட்கக் கத்துவார்கள். கத்தினால் 'ஹ' விழுந்துவிடுமே என்று ஒடீல் கத்தவில்லை. ஒவ்வொரு தடவையும் ஏறிப்போய், கதவைத் தட்டி, "போன்," என்று மட்டும் மெல்லச் சொன்னாள். ஐம்பத்தெட்டுப் படி ஏற்றம், ஐம்பத்தெட்டு இறக்கம். ஒரு மாதத்தில் கெண்டைக்கால் இரும்பாகிவிட்டது. ஆனால் எந்தப் பையன் யாரைக் கூப்பிட்டான், எந்த அம்மா அழுதாள் என்ற விஷயமெல்லாம் இப்போது ஊருக்குத் தெரியாமல் போனது. பெண்களுக்கு இது பிடித்திருந்தது. ஒருநாள் பெஞ்சின் மேல் யாரோ ஒரு சாக்லேட் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பெயர் எழுதவில்லை.

அக்டோபர் கடைசி வியாழக்கிழமை. மணி அடித்தது. கரகரவென்ற லைனில் ஒரு ஆண் குரல், அவசரமாக.

"அப்பா சனிக்கிழமை பன்னெண்டு மணிக்கு வர்றேன்னு ஹன்னாகிட்ட சொல்லிடும்மா. வெளிய கூட்டிட்டுப் போய்ச் சாப்பாடு வாங்கித் தர்றேன்னு சொல்லு. வெச்சிடுறேன்."

ஒடீலின் காதில் விழுந்தது 'அன்னா'. அதையே அழகாக எழுதிப் பலகையில் குத்தினாள்.

விடுதியில் ஹன்னாவும் இருந்தாள், அன்னாவும் இருந்தாள். ஹன்னா ப்ரௌட்டியின் அப்பா பக்கத்து ஊரில் பல் டாக்டர். மாதத்துக்கு இரண்டு தடவை வருவார். அன்னாவின் அப்பா அலாஸ்காவில், வட கடலோரத்தில், எண்ணெய்க் கிணற்று முகாமில் வேலை செய்பவர். அவர் வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. கோடையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமலிருந்ததிலிருந்து அன்னா அவருக்குப் போன் செய்வதில்லை. இதெல்லாம் அப்போது ஒடீலுக்குத் தெரியாது.

சீட்டைப் பார்த்த அன்னா நேராக ஒடீலிடம் வந்தாள். முகமே வேறாக இருந்தது.

"குரல் எப்படி இருந்துச்சு?"

"சந்தோஷமா," என்றாள் ஒடீல். அது உண்மை.

"சளி கட்டின மாதிரி இருந்துச்சா? அவருக்கு எப்பவும் சளி."

"லைன் கரகரன்னுச்சு."

"அவர்தான்," என்றாள் அன்னா. பிறகு, முதல் முறையாக, "தேங்க்ஸ், ஒடீல்," என்றாள்.

வெள்ளிக்கிழமை முழுக்க அன்னா பறந்துகொண்டிருந்தாள். யாரிடமோ ஸ்வெட்டர் கடன் வாங்கினாள். சாப்பாட்டு மேசையில் அப்பா கரடியைத் துரத்தின கதையை இரண்டு தடவை சொன்னாள். அலாஸ்காவையும் அவர் வராமல் போன கோடையையும் ஒடீல் அங்கேதான் கேட்டுத் தெரிந்துகொண்டாள். அன்று மாலை ஆறே முக்காலுக்கு மணி அடித்தது.

"டாக்டர் ப்ரௌட்டி பேசுறேன். நேத்து சொன்னேனே, என் பொண்ணுகிட்ட சொல்லிட்டீங்களாம்மா?"

"ஹன்னா," என்று ஒடீல் மனதுக்குள் எழுத்துக்கூட்டிப் பார்த்தாள். "சொல்றேன்," என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

இரண்டாம் மாடிக்குப் போய் ஹன்னாவிடம் சொல்லியாயிற்று. மூன்றாம் மாடிப் படியில் பாதியில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு வழி இருந்தது. உங்க அப்பா மறுபடி கூப்பிட்டார், வர முடியாதாம் என்று சொல்லிவிடலாம். யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. சொல்ல வேண்டிய ஆங்கிலமும் கொஞ்சம்தான். ஆனால் அப்படிச் சொன்னால் அந்த மனிதர் இன்னொரு தடவை வராமல் போனவர் ஆகிவிடுவார். அவரோ ஒன்றுமே செய்யவில்லை. ஒடீல் எழுந்து மேலே போனாள்.

அன்னா பாவாடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"அது உங்க அப்பா இல்ல," என்றாள் ஒடீல். "ஹன்னாவோட அப்பா. என் காதுல ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்குது. தப்பு என்னுது."

அன்னா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். பிறகு, "ஒரு எழுத்து," என்றாள். "ஒரே ஒரு எழுத்து. அது வராத உன்னைப் போய் போன்கிட்ட உக்கார வெச்சிருக்காங்க." கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஒடீல் போகவில்லை. மூடிய கதவைப் பார்த்துப் பேசினாள். டன்மோர் ஹில்லுக்கு வந்த பிறகு அவள் ஒரே மூச்சில் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான்.

"இப்ப மணி ஏழு. அலாஸ்காவுல மூணு. நாலு மணி நேரம் பின்னாடி, நான் மேப்புல பார்த்தேன். ஏழே முக்கால் வரைக்கும் போன் என்கிட்ட இருக்கு. நம்பர் குடுங்க, நான் போடுறேன். நீங்க போட வேணாம். நீங்க கோவமாவே இருங்க."

கதவு திறந்தது. அன்னாவின் மூக்கு சிவந்திருந்தது. கையில் ஒரு பழைய கடித உறை, அதன் மூலையில் முகாமின் எண்.

பணத்தை அந்தப் பக்கம் கட்டட்டும் என்று ஆபரேட்டரிடம் ஒடீல் சொன்னாள். லைன் எங்கெங்கோ சுற்றி வளைத்துப் போய், கடைசியில் ஒரு கனத்த குரல் வந்தது. முகாம் அலுவலகத்தில் போன் எடுக்கிறவர்.

"லிண்ட்க்விஸ்ட் வேணும்," என்றாள் ஒடீல். "அவரோட பொண்ணு கூப்பிடுறாங்க. அன்னா. ஹன்னா இல்ல. அ, ன், னா."

"நான் ஹன்னான்னு சொல்லவே இல்லையேம்மா," என்றது குரல்.

பக்கத்தில் நின்ற அன்னா அழுகையும் சிரிப்புமாக வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அவருக்கு ராத்திரி ஷிப்டு. இப்பத் தூங்குறாரு. எழுப்பினா என்னைக் கடிச்சிடுவாரு. என்ன செய்தி, சொல்லு, எழுதிக்கிறேன்."

ஒடீல் சீட்டில் கழித்துப் பார்த்தாள். "நாளைக்கு உங்க காலைல எட்டு மணி. எங்களுக்குப் பன்னெண்டு. இந்த நம்பருக்கு அவர் கூப்பிடணும். பொண்ணு காத்துக்கிட்டிருப்பாங்க. ரொம்ப நாளா."

"இரு, திருப்பிப் படிக்கிறேன். சரியான்னு சொல்லு." அந்த மனிதர் நிதானமாக ஒவ்வொரு சொல்லாக, ஒவ்வொரு எண்ணாக வாசித்தார். 'ரொம்ப நாளா' என்பதையும் விடவில்லை. இப்படி ஒரு வழி இருக்கிறது என்று ஒடீலுக்கு அப்போதுதான் தெரிந்தது.

சனிக்கிழமை பன்னிரண்டுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போதே மணி அடித்துவிட்டது. ஒடீல் எடுத்து, "இருங்க," என்று சொல்லிவிட்டு அன்னாவிடம் போனைக் கொடுத்தாள். அன்னா அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பிறகு, "சளி இன்னும் போகலையாப்பா?" என்று கேட்டாள். ஐந்தாம் நிமிடத்திலிருந்து சண்டை. இருபதாம் நிமிடத்திலிருந்து சிரிப்பு. அம்மாவைக் கூப்பிட வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். மிஸஸ் பிரிட்சார்ட் எட்டிப் பார்த்தார். ஒடீல் பெஞ்சை விட்டு எழுந்து வழியை மறித்து நின்றாள். அவர் திரும்பிப் போய்விட்டார்.

வாசலில் காத்திருந்த டாக்டர் ப்ரௌட்டியிடம் ஹன்னா எல்லாவற்றையும் கொட்டியிருந்தாள். அவர் ஒடீலையும் வண்டியில் ஏற்றிக்கொண்டார். "எழுத்தை முழுங்குறவளா நீ? வா, இன்னைக்குச் சாப்பாட்டை முழுங்கு," என்றார். ஒடீல் இரண்டு தட்டு வறுத்த மீன் தின்றாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு செய்தியையும் ஒடீல் கூப்பிட்டவரிடமே திருப்பிப் படித்துக் காட்டினாள். "பேருல 'ஹ' இருக்கா, இல்லையா?" என்று கூச்சமே இல்லாமல் கேட்டாள். கேட்கக் கேட்க வாய் திறந்துகொண்டது. அன்னா அவளை விடவில்லை. சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது ஒடீலின் உள்ளங்கையை அவள் வாய்க்கு நேரே பிடித்து, "ஊதுடீ. காத்து கையில படணும். நீ ஊதுறது மெழுகுவத்தியைக்கூட அணைக்காது," என்பாள்.

"எனக்கு வரும்போது வரும்," என்பாள் ஒடீல். "உனக்கு ஒரு பிரெஞ்சு வார்த்தை வருதா, சொல்லு பாப்போம்."

டிசம்பரில் வீட்டிலிருந்து பார்சல் வந்தது. ப்ளோய் மாவு. பக்வீட் என்கிற தானியத்தின் மாவில் ஒரு பக்கம் மட்டும் வேகவிட்டு, ஆப்பம் போலக் கண் கண்ணாக எடுக்கிற ரொட்டி. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒடீல் மாடி அறையில் மின்சார அடுப்பை வைத்துச் சுட ஆரம்பித்தாள். பதினோராவது ப்ளோய்க்குப் புகை மணி அலறியது. நாற்பத்திரண்டு பேரும் பனியில் வரிசையாக நின்றார்கள், பாதிப் பேர் கையில் வெண்ணெய் தடவிய ப்ளோயோடு. மிஸஸ் பிரிட்சார்ட் அடுப்பைப் பறித்து வைத்துக்கொண்டார். பிறகு, "இன்னும் மாவு இருந்தா என் சமையலறையில சுடு," என்றார்.

அன்னாவின் அப்பா மார்ச்சில் வந்தார். சளியோடுதான். ஒரு பெட்டி சால்மன் மீனைப் பனிக்கட்டியில் போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

அந்த ஜூனில் அன்னா ஒடீலோடு மெய்னுக்குப் போனாள். குளிர்காலம் முழுக்க நிலம் கக்கின கற்களை உருளைக்கிழங்கு வயலிலிருந்து பொறுக்குகிற வேலை. முதல் நாளே அன்னாவின் இடுப்பு ஒடிந்தது. ஆனால் பேச்சு நிற்கவில்லை. டிராக்டர் மேலிருந்து பப்பா பிரெஞ்சில் சொன்னார்: "இந்தப் பொண்ணு பேசுற நேரத்துக்குக் கல்லு பொறுக்கினா பக்கத்து வயலும் சுத்தமாயிடும்."

"அப்பா உன்னைப் பாராட்டுறார்," என்றாள் ஒடீல்.

"புரியுதுடீ," என்றாள் அன்னா. "முகத்தைப் பார்த்தாத் தெரியாதா? நானும் பாராட்டினேன்னு சொல்லு."

ஒடீல் சொன்னாள். பப்பா டிராக்டரை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

அடுத்த செப்டம்பரில் மிஸஸ் பிரிட்சார்ட் அவளுக்குச் சமையலறை வேலை தர முன்வந்தார். ஒடீல் வேண்டாம் என்றாள். நான்கு வருடமும் அந்தப் பெஞ்சிலேயே இருந்தாள். கடைசி வருடம் விடுதித் தலைவியாகி மொத்தப் பள்ளிக்கும் முன்னால் நின்று பேசினாள். கோபம் வந்தால் மட்டும் 'ஹ' காணாமல் போனது. அப்போது யாரும் சிரிப்பதில்லை, ஓரமாக ஒதுங்கிக்கொள்வார்கள்.

கல்லூரி முடித்து அவள் வடக்கேயே திரும்பினாள். ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டிகளுக்கு அழைப்பு வாங்கி அனுப்புகிற மாவட்ட அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தாள். பிரெஞ்சில் அலறினாலும் ஆங்கிலத்தில் அலறினாலும் முகவரியைத் திருப்பிக் கேட்காமல் வண்டியை அனுப்பமாட்டாள். ஒரு தச்சரைக் கட்டிக்கொண்டாள், இரண்டு பிள்ளைகள். ஓய்வு பெற்ற பிறகு இப்போது அவர்கள் ஊர் நூலகத்தில் செவ்வாய்க்கிழமைகளில் சின்னப் பிள்ளைகளுக்குக் கதை படிக்கிறாள். நல்ல உரத்த குரல். வெளியே தெருவில் நின்றால்கூடக் கேட்கும்.