கோல் முனையில் வெண்புகை

இது நடந்ததுதான். இருட்டில்கூட இல்லை. உஸ்பெக்கிஸ்தானில் ஓர் உரத் தொழிற்சாலையில், வெயில் காயும் மதியம் மூன்று மணிக்கு.

அமோனியா கலனில் புது வினையூக்கி நிரப்பியிருந்தார்கள். கறுப்பு இரும்புக் குருணை. லேசில் சேராத வாயுக்களைச் சேர்த்துவைத்துவிட்டு, தான் மாறாமல் இருக்கும். ஆனால் சூடேறினால்தான் வேலை செய்யும். நான்கு மணிக்குச் சூடேற்ற வேண்டும். கசிவு பார்க்கும் சனோபர் கடைசிச் சுற்று வந்தாள். அமிலத்தில் நனைத்த கண்ணாடிக் கோலைக் குழாய் இணைப்புகளில் காட்டுவாள். அமோனியா இருந்தால் அடர்ந்த வெண்புகை எழும். இன்று எழ வழியே இல்லை. அமோனியா இன்னும் பிறக்கவேயில்லை.

மேல்தளத்துக் கடைசி இணைப்பில் புகை எழுந்தது.

குபுக்... நின்றது. குபுக்... நின்றது.

இணைப்பில் அல்ல. அதற்கு முன்னால், வெறும் காற்றில். ஓர் ஆளின் வாய் உயரத்தில்.

மேஸ்திரி தோலிபைக் கூட்டிவந்தாள். கோலை நீட்டினாள். ஒன்றுமில்லை.

"அடுப்பே பத்தவைக்கல, புலாவ் தீஞ்சுபோச்சுங்கிற. போ தங்கச்சி, போய் டீ குடி."

கீழே நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் இறங்கியதும் மறுபடி குபுக்... மறுபடி கூப்பிட்டாள். மறுபடி ஒன்றுமில்லை. மூன்றாம் முறை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சனோபர் கீழே எட்டிப் பார்த்தாள். அந்த இணைப்புக்கு நேர் கீழே இருந்த கட்டுப்பாட்டு அறையில்தான் நான்கு மணிக்கு அவள் தம்பி பஹ்ரோம் வேலைக்கு உட்காரப் போகிறான். அமோனியா பீறிட்டால் முதலில் கண் போகும். பிறகு மூச்சு. கதவு எங்கே என்றே தெரியாது.

மூன்று நாற்பது. தம்பியைச் சட்டையைப் பிடித்து மேலே இழுத்து வந்தாள்.

"ஏன்க்கா மானத்தை வாங்கற? இதுல என்ன இருக்கு, பாரு." எரிச்சலோடு நட்டில் கை வைத்தான்.

நட்டு விரலோடு சுழன்றது.

அடுத்ததும்.

அதற்கடுத்ததும்...

கோல் முனையில் நீளமாக ஒரு புகை.

அப்புறம் இல்லை.

வேலை நின்றது. தானே கண்டுபிடித்ததாக மேலதிகாரிகளிடம் சொல்லிக்கொண்டார் தோலிப். அந்த இணைப்பை முடுக்கிக்கொண்டிருந்தவர் ஹோல்மத் அண்ணன். போன வாரம் பாதி வேலையில் சுருண்டு விழுந்தவரை மலையடியில் இருந்த சொந்த ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். முடித்துவிட்டுத்தான் விழுந்தார் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

அவராவது நம்புவார் என்று மறுநாள் ரொட்டி வாங்கிக்கொண்டு போனாள் சனோபர். வாசலில் இடுப்பில் துணி கட்டிய ஆண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். துக்க வீடு.

"முந்தாநாள் விடியக்காலைலம்மா," என்றாள் அவர் மனைவி. "மதியமே அடக்கம் பண்ணிட்டோம்."

முந்தாநாள். புகை எழுந்தது நேற்று.

"சிறுநீரகம் ரெண்டும் நின்னுபோச்சு. கடைசில பக்கத்துலயே உட்கார முடியல. அவர் மூச்சு விட்டா உங்க ஃபாக்டரி வாடை. எனக்குக் கண்ணு எரியும்."