பட்டையை இறுக்கிக் கட்டுங்க

வாட்ச் சொல்வதை நம்புவதா, அதைக் கட்டியிருப்பவர் சொல்வதை நம்புவதா என்று தினமும் தீர்ப்புச் சொல்வதுதான் என் தொழில். காரைக்கால் கடைத்தெருவில் ஒரு செல்போன் கடையில் ஸ்மார்ட் வாட்ச் விற்கிறேன். புகார் வந்தாலும் கேட்பது நானேதான். யார் வந்தாலும், "லூசாக் கட்டியிருக்கீங்க, இறுக்கிக் கட்டுங்க" என்று சொல்லி அனுப்ப வேண்டும் என்பது முதலாளியின் உத்தரவு. கையில் ஒன்றைக் கட்டிக்கொண்டு அடி எண்ணி அவதிப்படும் அன்பர்களே, அந்த வார்த்தையால் ஒருவர் முடங்கிப்போய்விட்டார். அதைச் சொல்லத்தான் மற்றதையும் சொல்கிறேன்.

சேற்றில் நடந்த நடை

விழிதியூர் விவசாயி ஒருவருக்குச் சர்க்கரை. தினம் எட்டாயிரம் அடி நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். இரண்டு கையிலும் நாற்றுக்கட்டோடு, கை வீசாமல் பகலெல்லாம் சேற்றில் அலைந்தவருக்கு வாட்ச் போட்ட கணக்கு அறுநூறு. அங்கிருந்து கடைக்கு மொபெட்டில் வந்ததற்கு மூவாயிரம்! கூசாமல் இறுக்கிக் கட்டச் சொன்னேன்.

"ரோட்டுப் பள்ளமெல்லாம் என் நடைக் கணக்குல ஏறுதுன்னா, இனிமே வண்டியிலயே நடந்துக்கறேன் தம்பி."

மீனுக்கு எழுபத்து நாலு

படகுக்காரர் ஒருவரின் மணிக்கட்டில் பெரிய வேல், பச்சை குத்தியது. பச்சை குத்திய இடத்தில் வாட்ச்சின் வெளிச்சம் சரியாக இறங்காது, நாடித்துடிப்பு தெரியாது. இது எனக்குத் தெரியும். முதலாளி பக்கத்திலேயே நின்றதால் அதைச் சொல்லவில்லை. வழக்கமான பாட்டையே பாடினேன்.

மறுநாள் பையோடு வந்தார். ஐஸில் கிடந்த கொடுவாய் மீனை எடுத்து மேஜையில் போட்டு, வால் பக்கம் பட்டையைச் சுற்றினார். கொஞ்ச நேரத்தில் எழுபத்து நாலு என்று காட்டியது. கடையே சிரித்தது, அவரைத் தவிர.

"உசுரோட நிக்கிற எனக்கு வெறும் கோடு. இந்த மீனு நல்லா இறுக்கிக் கட்டியிருக்கு போல."

எண்ணெய்க் குளியல்

திருநள்ளாற்றில் எண்ணெய் தேய்த்துத் தீர்த்தமாடிய வெளியூர்க்காரர் பதறிக்கொண்டு வந்தார். துடிப்பு நூற்றெழுபதாம். சனீஸ்வரன் விடவில்லை என்று பயந்து இரண்டாம் முறை எள் தீபம் போட்டுவிட்டுத்தான் வந்திருந்தார். வாட்ச்சின் அடியில் நல்லெண்ணெய் படிந்திருந்தது. துணியால் துடைத்ததும் எண்பத்திரண்டு.

"பாத்தீங்களா, ரெண்டாவது தீபத்துக்குப் பலன் கெடைச்சிருச்சு!"

கோவில்பத்துக்காரர்

இப்படியே பார்த்துப் பார்த்து எனக்கு வாட்ச் மேல் இருந்த மரியாதை போய்விட்டது. கூடவே மனிதர்கள் மேல் இருந்ததும் போயிருக்கிறது என்பதுதான் தெரியவில்லை.

கோவில்பத்திலிருந்து பைக்கில் ஆபீஸ் போய்வருபவர் அவர். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே துடிப்பு நூற்றைம்பதும் தொண்ணூறுமாகத் தாறுமாறாக ஓடியது. "படபடன்னு வருது தம்பி. இல்ல, இதப் பாத்துப் பாத்து எனக்கே அப்படித் தோணுதா?" என்று கேட்டார். நான் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. பட்டையை ஒரு துளை இறுக்கிவிட்டு அனுப்பினேன். மூன்று நாளில் மறுபடி வந்தார். இன்னொரு துளை.

அடுத்த வாரம் ஆபீஸ் படியில் விழுந்தார். இதயம் ஒழுங்கில்லாமல் துடித்து, ரத்தக்கட்டி மூளைக்குப் போய்விட்டதாம். உயிர் தங்கியது, வலது கை வரவில்லை. அவர் மனைவி வந்து வாட்ச்சைக் கவுன்டரில் வைத்தார். திட்டுவார் என்று நின்றேன், திட்டியிருந்தால் தேவலை.

"வாட்ச் சரியாத்தான் காட்டியிருக்குங்க. நாங்கதான் அத விட்டுட்டு உங்கள நம்பிட்டோம்."

இப்போதெல்லாம் யார் புகாரோடு வந்தாலும் முதலில் "உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்கிறேன், இந்த ஒரு கேள்வியைக் கற்றுக்கொள்ள எனக்கு இன்னொருவரின் வலது கை தேவைப்பட்டது.