பௌர்ணமிக்கு வந்த நண்டு

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் போதும், கீழ்பென்னாத்தூரிலிருந்து என் அண்ணன் வயல் நண்டோடு வந்துவிடுவான். தூக்குவாளி மூடியில் ஆணியால் ஓட்டை போட்டிருப்பான். உள்ளே கரகரவென்று சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். பஸ்ஸில் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்களாம். அதில் அவனுக்கு அப்படி ஒரு பெருமை.

வயல் நண்டை நாங்கள் பிரித்துத் தின்பதில்லை. ஓட்டோடு உரலில் நசுக்கி, சாற்றை வடிகட்டி, மிளகும் பூண்டும் தட்டிப் போட்டு ரசம் வைப்போம். பொடி நண்டுகளை முழுசாக வறுத்து மொறுமொறுவென்று மென்றுவிடுவோம். ஒரே ஒரு கண்டிப்பு உண்டு: நசுக்கும்போது கால் அசைய வேண்டும். செத்தது குப்பைக்கு. அந்த ரசத்தை நினைத்தாலே இப்போதும் எனக்கு மூக்கடைப்பு விட்டுவிடும்.

அந்த வருடம் அவன் வந்தது பௌர்ணமியன்று. கிரிவலக் கூட்டம் தெருவை அடைத்திருந்தது. அன்றைக்கு எங்கள் வீட்டில் கவுச்சி அடுப்பேறாது.

"நாளைக்கு வச்சிக்கோ. பாப்பாவுக்கு சளி போயிடும்" என்று சொல்லிவிட்டு, மலையைச் சுற்றி முடித்து ஊருக்குப் போய்விட்டான்.

காலையில் பார்த்தால் வாளியில் பாதி அசையவில்லை. அண்ணன் சேற்றில் இறங்கி, வளைக்குள் கையை விட்டு, விரலில் கடி வாங்கிப் பிடித்தவை. தூக்கிப் போட மனசு வரவில்லை. ராத்திரிதானே செத்திருக்கும் என்று எல்லாவற்றையும் சேர்த்து நசுக்கினேன். நாலு வயது மகளுக்குத்தான் முதல் தம்ளர்.

மதியத்துக்குள் வாந்தி, பேதி. கண் செருகிவிட்டது. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். என் உயிர் என்னிடம் இல்லை.

செய்தி கேட்டு அண்ணன் ஓடிவந்தான். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"பத்து நாள் முன்னாடி வயலுக்கு மருந்து அடிச்சேம்மா. மழையில கழுவிக்கினு போயிருக்கும்னு நெனச்சேன். எல்லாம் என்னாலதான்."

இல்லைண்ணா என்று சொல்ல வாயைத் திறந்தேன். பக்கத்தில் என் வீட்டுக்காரர் நின்றிருந்தார். பயத்தில் மூடிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் மகள் எழுந்து விளையாடினாள். அண்ணன் அதற்குப் பிறகு நண்டே கொண்டுவரவில்லை; வேர்க்கடலைதான். நானும் இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று வருடங்களை ஓட்டிவிட்டேன். மகள் காலேஜுக்குப் போக ஆரம்பித்த பிறகும், கடலைப் பையை அவளிடம் நீட்டும்போதெல்லாம் அவன் சொல்வான்.

"உனக்குன்னு தனியா ஒரு மூலையில போட்டது, பாப்பா. மருந்தே அடிக்கல. பயப்படாம துன்னு."

நான் அடுப்படிக்குள் போய்விடுவேன்.