விளக்கில்லாத கூடம்

இரண்டாம் உலக யுத்த காலத்தில், விழுப்புரம் ரயில் நிலையத்தை அடுத்த ஒரு தருமச் சத்திரத்தில், வீடற்றோர் உறங்கும் கூடத்துக்கு நானும் ஒரு பெரியவரும் இரவுப் பணியாளர்களாக இருந்தோம். அவருக்கு நெடிய உருவம், கரகரத்த குரல். இருட்டில் எவரும் திடுக்கிடலாகாது என்று, நடக்கும்போதெல்லாம் ஏதேனும் பேசிக்கொண்டே நடப்பார்.

சேரியிலிருந்து வருவோருக்குக் கூடத்தில் இடமில்லை என்பது தருமகர்த்தாவின் கட்டளை. அவர்களுக்குப் பின்புறத்துக் கீற்றுக் கொட்டகைதான். ஒரு மழையிரவில் அக்கொட்டகை சரிந்தது. அங்கிருந்த கூலிக்காரப் பெண், காய்ச்சலில் துவண்ட குழந்தையுடன் நனைந்து நின்றாள்.

பெரியவர் கூடத்து விளக்கை ஊதி அணைத்தார்.

"ஏன்யா அணைச்சே?" என்று படுத்திருந்த ஒருவர் அதட்டினார்.

"ஏரோப்ளேன் வருதாம் சாமி. வெளக்கு எரியக் கூடாதுன்னு சர்க்கார் உத்தரவு. கம்முனு படுங்க."

பிறகு அப்பெண்ணை அழைத்துவந்து, உலர்ந்ததோர் இடத்தில் படுக்கச் செய்தார். குழந்தை இருமும்போதெல்லாம் தாமும் உரக்க இருமினார்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வெளிப்பட்டால் எங்கள் வேலை போகும். அவளையோ அடித்தே விரட்டுவார்கள். வாசலுக்கும் கூடத்துக்குமாக அலைந்தேன். மழை விட்டதும், விடியுமுன்னரே, பெரியவர் அவளைப் பின்வழியாக ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தார்.

இரவில் அதட்டியவர் காலையில் வந்தார். "ராத்திரி எம் பக்கத்துல புள்ளையோட படுத்துக்கினு இருந்தது யாருய்யா?"

"அத்த நான் பாத்திருந்தா, வெளக்கு ஏத்தினேன்னு போலீசு புடிச்சிக்கினு போயிருக்குமே சாமி!"

அப்படியோர் உத்தரவு அன்று எங்கள் ஊருக்கு உண்மையில் வந்திருந்ததா என்று நான் அவரைக் கேட்கவில்லை. பின்னாளில், அறிந்து சொல்லக்கூடியவர்கள் பலர் வாய்த்தும், ஏனோ அவர்களிடமும் கேட்கவில்லை.