பச்சை வாளி காலியாக இருந்த ஊர்

எங்கள் ஊருக்குக் குப்பை வண்டி வரப்போகிறது என்று நான் சொன்னபோது அம்மா நம்பவில்லை. "வரும். போட்டோ எடுப்பாங்க. பூடும்" என்றாள்.

அவள் அப்படிச் சொன்னதில் நியாயம் இருந்தது. அரியூரைத் தாண்டி உள்ளே பிரியும் ரோட்டில் இருக்கிறது எங்கள் ஊர். ஊர்க் குப்பை முழுவதையும் ஏரிக்கரை மேட்டில்தான் கொட்டுவார்கள். அதைக் கையால் அள்ளி டிராக்டரில் ஏற்றுவது அம்மாவின் வேலை, ஒப்பந்தக் கூலி. அழுகிய சோறு, பாட்டில் சில்லு, ஊசி, டயப்பர் எல்லாம் ஒன்றோடு ஒன்று குழைந்து கிடக்கும். கொடுக்கிற கையுறை இரண்டு வாரம் தாங்காது. நான் கல்லூரியில் கடைசி வருஷம் படித்தபோது அவள் வலது உள்ளங்கையில் கண்ணாடி ஏறி, ரொம்ப நாள் விரல்களை மடக்க முடியாமல் போனது. பரீட்சைக்குப் படித்துக்கொண்டே அவளுக்குச் சோறு பிசைந்து ஊட்டியிருக்கிறேன். வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். அந்தப் பட்டத்தால் அந்தக் கைக்கு ஒரு பிரயோஜனமும் இல்லையே என்று அப்போது நினைத்தேன்.

வண்டி வந்தது. பேட்டரியில் ஓடும் மூன்று சக்கர வண்டி. பின்னால் பச்சை, நீலம் என்று இரண்டு பெட்டிகள். வீட்டுக்கு வீடு இரண்டு வாளிகள் கொடுத்தார்கள். பச்சையில் ஈரக் குப்பை, நீலத்தில் உலர்ந்தது. எதிர் வீட்டு அக்காவுக்கு ஸ்கூட்டர் ஓட்டத் தெரியும் என்பதால் அவர் ஓட்டினார். அம்மா வாசல் வாசலாக வாங்கிக் கொட்டினாள். எடை எழுதி அனுப்பும் மேற்பார்வை வேலை எனக்குக் கிடைத்தது. மூன்று மாதம் சோதனை. ஊர் ஒழுங்காகப் பிரித்துக் கொடுத்தால் வண்டி நிரந்தரம், மேட்டையும் அள்ளிவிடுவார்கள். இல்லையென்றால் வண்டி வேறு ஊருக்குப் போகும், அம்மா மேட்டுக்குப் போவாள்.

முதல் இரண்டு மாதமும் நீலப் பெட்டி நிரம்பியது. பச்சையில் அடி மறைகிற அளவுக்குக்கூட எதுவும் விழவில்லை. வந்ததை வந்தபடி எழுதி அனுப்பினேன். வண்டியை நடத்தும் ஒப்பந்தக்காரரின் மேலாளர் போன் செய்தார்.

"தம்பி, டவுன்ல பாதிக்குப் பாதி ஈரக் குப்பை வருது. உங்க ஊர்ல ஒண்ணுமே இல்ல. அப்படின்னா இன்னா அர்த்தம்? எல்லாத்தையும் கலந்து நீலத்துல போடறாங்க. மாசக் கடைசில ஆபீசர் பாக்க வர்றார். பச்சை காலியா இருந்தா ஃபெயில்தான்."

 அம்மாவிடம்கூடச் சொல்லாமல், வாளியோடு கொடுத்த துண்டுப் பிரசுரத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். காய்த் தோல், பழைய சோறு, வடிகஞ்சி, அரிசி களைந்த தண்ணீர் வரை பச்சையில்தான் போட வேண்டும் என்று பாடம் எடுத்தேன். படித்த பிள்ளை சொல்கிறான் என்று ஒருவர்கூட மறுக்கவில்லை. மறுநாளே பச்சைப் பெட்டி தளும்பியது. ஒரு வீட்டுப் பெண் நீட்டிய வாளியில் சாணி இருந்தது.

"இன்னாக்கா இது?"

"ஈரமா வேணும்னு நீதான கேட்ட? இதவிட ஈரமா எங்க வூட்ல ஒண்ணும் இல்ல தம்பி."

வண்டிக்குள் அக்கா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நான் எடையைச் சந்தோஷமாக எழுதிக்கொண்டேன்.

நான்காம் நாள் காலையில், இரண்டு மாடு வைத்திருக்கும் மேலத்தெரு அம்மா காலிக் குடத்தோடு எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"டேய் படிச்சவனே, வெளிய வாடா! நாலு நாளா ஒரு வூட்லயும் கழனித் தண்ணி இல்ல. கேட்டா உன் வண்டிக்குப் போட்டாச்சாம். மாடு வெறுந் தொட்டிய நக்கிக்கினு நிக்குது. சொசைட்டில பால ஊத்தினா, 'தண்ணி கலந்தியா'ன்னு கேக்கறான். நானாடி கலப்பேன்?" கடைசிக் கேள்வி என் அம்மாவுக்கு.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "மாட்டு வாய்க்குப் போறத புடுங்கி வண்டில போடச் சொன்னியா?"

அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. எங்கள் ஊரில் மாடு இல்லாத வீட்டில்கூடக் கழனித் தண்ணீரைக் கீழே ஊற்ற மாட்டார்கள். தோல், கஞ்சி, மிஞ்சிய சோறு எல்லாம் ஒரு பானையில் சேரும். மாடு வைத்திருப்பவர் சாயங்காலம் குடத்தோடு வந்து எடுத்துப்போவார். அந்த மாடு கன்று போட்டால், கழனி கொடுத்த வீட்டுக்கெல்லாம் ஒரு சொம்பு சீம்பால் வரும். அந்தச் சீம்பாலைக் குடித்து வளர்ந்தவன்தான் நானும். எங்கள் வண்டி வருவதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே இந்த ஊரில் ஈரக் குப்பையைப் பிரித்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். நான் போய் அதைக் கெடுத்திருக்கிறேன்.

அன்றே மறுபடியும் வீடு வீடாகப் போய், நான் சொன்னது தப்பு என்று சொன்னேன். கூடவே, எந்த வீட்டுக் கழனி எந்த மாட்டுக்குப் போகிறது என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டேன். ஒரு வீடு விடாமல் பட்டியலில் வந்தது.

ஆபீசர் வந்த அன்று மேலாளர் முன்னதாகவே வந்து பச்சைப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தார். "ரெண்டு கிளை வேப்பந்தழையாவது வெட்டிப் போடுப்பா!"

"வேணாம் சார்" என்றேன். 

ஆபீசர் மூடியைத் தூக்கினார். "ஈரக் குப்பை எங்க?"

நான் பட்டியலை நீட்டுவதற்குள் அம்மா சொல்லிவிட்டாள். "மாட்டு வயித்துல சார்."

அவர் சிரிக்கவில்லை. "எல்லா ஊர்லயும் ஏதோ ஒரு கதை சொல்றாங்கம்மா. நீலத்துல கலந்து வரலன்னு நான் எப்படி நம்பறது?"

"கொட்டிப் பாருங்க சார்" என்றேன்.

நடுத்தெருவில் தார்ப்பாயை விரித்து, அன்று வாங்கிய நீலக் குப்பை முழுவதையும் கொட்டினோம். தெருவே கூடிவிட்டது. பால் கவர், அட்டைப் பெட்டி, எண்ணெய் பாட்டில், அறுந்த செருப்பு. அவர் ஒரு குச்சியால் கிளறிக்கொண்டே வந்தார். நடுவில் இறுக்கி முடிச்சுப் போட்ட ஒரு கறுப்புக் கவர், கனமாக, உப்பலாக இருந்தது.  அவர் முடிச்சை அவிழ்க்கச் சொன்னார். அக்கா அவிழ்த்தார். உள்ளே முழுக்க உடைந்த கண்ணாடி வளையல்.

"குத்தப்போவுதுன்னுதான் கட்டிப் போட்டேன்" என்று கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. ஆபீசர் நிமிர்ந்து அந்தப் பக்கம் பார்த்து, முதன்முறையாகச் சிரித்தார்.

மொத்தக் குவியலிலும் ஒரு சோற்றுப் பருக்கை இல்லை. ஒரு ஈகூட வந்து உட்காரவில்லை. பிறகு பட்டியலை வாங்கிக்கொண்டு மாட்டுத் தொட்டி தொட்டியாகப் பார்த்துக்கொண்டு வந்தார். மேலத்தெரு அம்மா, கழனி நிறைந்த, வண்டிக்காகக் கொடுத்த பச்சை வாளியைத் தூக்கிக்கொண்டு எதிரே வந்தார். "பக்கெட்டு நல்லாக் கீது சார். இன்னொண்ணு குடுப்பீங்களா?"

ஆபீசர் படிவத்தைத் தொடைமேல் வைத்து, ஈரக் குப்பை என்ற கட்டத்தில் 'மாடுகளுக்குப் போகிறது, நேரில் பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். என் பட்டியலையும் அதோடு சேர்த்துக் குண்டூசி குத்தினார். "இதை யார் எழுதினது?" என்று கேட்டார். என் பெயரைத் தெருவே கத்திச் சொன்னது. நாலு நாளைக்கு முன் என்னை 'டேய்' என்று கூப்பிட்ட குரல்தான் அதில் உரக்கக் கேட்டது.

அடுத்த வாரமே ஏரிக்கரை மேட்டுக்கு ஜேசிபி வந்தது. வெயிலில் எதற்கு நிற்கிறாய் என்று அம்மாவிடம் கேட்டேன். "நீ போ. நான் பாக்கணும்" என்றாள். லாரி லாரியாகப் போனது. கடைசி லாரியும் நிறைந்தபோது, இயந்திரத்துக்கு எட்டாத ஓரத்தில் கொஞ்சம் சிதறிக் கிடந்தது. மேலாளர் பழக்கதோஷத்தில், "யம்மா, அத கையால வாரிப் போட்ருங்க" என்றார்.

அம்மா இடுப்பில் கைவைத்தபடி அப்படியே நின்றாள். "கையால அள்றது முடிஞ்சிபோச்சி சார். மண்வெட்டி இருந்தா குடுங்க."

லாரி டிரைவர் என்ஜினை அணைத்தார்.  மேலாளர் திரும்பி, மண்வெட்டி கேட்டு ஊருக்குள் வேகமாக நடந்தார். அவர் வருகிறவரை அம்மா கரையில் காத்திருந்தாள்.