பெரியப்பா வீட்டுக் காலித் துப்பாக்கி

பெரியப்பா வீட்டில் இருந்தது காலித் துப்பாக்கி. எங்கள் குடும்பத்தில் கைக்குழந்தைக்கும் இது தெரியும். தோட்டாவெல்லாம் தாத்தா காலத்தோடு தீர்ந்துபோயிற்று என்று பெரியப்பா சொல்லுவார். பெரியப்பா சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

தாத்தா ஒரு ஜமீன்தாருக்கு வேட்டைத் துணையாகப் போய்வந்தவர். மலைக்காட்டில் காட்டெருமை சுடுவதற்கென்றே அந்த ஜமீன்தார் சீமையில் தனியாகச் சொல்லிச் செய்ய வைத்த இரட்டைக் குழல் துப்பாக்கி அது. கை நீளம், கழுத்து உயரம், தோள் அகலம் என்று சட்டைக்குக் கொடுப்பது போல அளவெல்லாம் எழுதி அனுப்பினாராம். புதியம்புத்தூர் டெய்லர் என்றால் ஒரே நாளில் தைத்துக் கையில் கொடுத்திருப்பார். இது கப்பலில் வந்து சேர இரண்டு வருஷம் ஆயிற்றாம். ஜமீன் ஓய்ந்தபோது தாத்தா கைக்கு வந்தது. தாத்தாவுக்குப் பின் லைசென்ஸ் பெரியப்பா பேருக்கு மாறியது.

தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும் அல்லவா? பெரியப்பா அதைப் பழைய சேலையில் சுற்றி, உரச்சாக்கில் நுழைத்து, பஸ்ஸில் மடியில் கிடத்திக்கொண்டு போவார். விளாத்திகுளம் பக்கத்து ரோடு அப்போதெல்லாம் குண்டும் குழியும்தான். குழாய்முனை கண்டக்டர் வயிற்றுக்கு நேராகக் குதித்துக்கொண்டே போகும். ஒருதரம் நானே பக்கத்தில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டு போயிருக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஆயுத பூஜை. எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஐந்து. லீவு விட்டதும் கோவில்பட்டியிலிருந்து எங்கள் இரண்டு பேரையும் பெரியப்பா ஊரில் கொண்டு தள்ளிவிட்டுப் போய்விட்டார்கள். தள்ளினார்கள் என்றுதான் சொல்ல வேண்டும், அவ்வளவு வாலுத்தனம்.

பெரியம்மா பூசை போட்டால் குறை வைக்க மாட்டாள். களைக்கொத்திக்கு ஒரு பொட்டு, மண்வெட்டிக்கு ஒரு பொட்டு, என் கணக்குப் புத்தகத்துக்கு ஒரு பொட்டு. துப்பாக்கிக்கு மட்டும் நல்லெண்ணெய் விட்டுக் குளிப்பாட்டி, குழாயிலிருந்து கட்டை வரை சந்தனத்தை அப்பு அப்பென்று அப்புவாள். "எத்தன உசிரக் குடிச்சுச்சோ, அது மனசு குளிரட்டும்" என்பாள். அவளுக்கு அதன் மேல் உள்ளூரப் பயம். எண்ணெயும் சந்தனமும் வருஷா வருஷம் இண்டு இடுக்கெல்லாம் இறங்கிக் கல்லாக இறுகிக் கிடந்தன.

அன்று மத்தியானம் பெரியப்பா சாப்பிட்டுவிட்டுக் கண்ணசந்தார். பெரியம்மா அடுப்படியில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தாள். துப்பாக்கி பலகை மேல் வாசலைப் பார்த்துக் கிடந்தது. என்னால் அதைத் தூக்க முடியாது. தூக்குவானேன்? பலகைக்குப் பின்னால் குப்புறப் படுத்துக்கொண்டேன். தம்பியைக் காட்டெருமையாக்கினேன். இடுப்பில் துண்டைச் செருகி வாலாட்டிக்கொண்டு, ம்மா ம்மா என்று கத்தியபடி நாலு காலில் குழாய்க்கு நேரே வந்து நின்றான் மடையன்.

விசையை இழுத்தேன். அசையவில்லை. இரண்டு விரல் போட்டு இழுத்தேன். பலகையில் காலை உதைத்துக்கொண்டு, பல்லைக் கடித்து, இருக்கிற பலம் முழுக்கக் கொடுத்து இழுத்தேன். பக்கத்தில் இன்னொரு விசை இருந்தது, அதையும் விடவில்லை. ஒன்றும் நடக்காத எரிச்சலில் வாயாலேயே "டுமீல்" என்றேன். தம்பி காலைப் பரப்பிக்கொண்டு செத்து விழுந்தான்.

"ஏட்டி, என்னட்டி செய்யுத? பூசையில வச்சதத் தொடாதன்னு சொன்னேம்லா!" அடுப்படி வாசலில் பெரியம்மா கரண்டியோடு நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. "இத்துப்போன துப்பாக்கி, இதுக்கு ஒரு பூசை வேற" என்று நான் துப்பாக்கியைத் திட்டிவிட்டுச் சுண்டல் தின்னப் போனேன்.

மறுநாள் காலை, பூசைச் சாமான்களை இன்னும் எடுக்கவில்லை, ஒரு பெரியவர் வந்தார். தேயிலை எஸ்டேட்டில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பழைய வேட்டைத் துப்பாக்கிகளைத் தேடித் தேடிப் போய்ப் பார்ப்பது அவருக்குக் கிறுக்கு. வாங்க அல்ல, சுட அல்ல, பார்க்க. யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு, கடிதம் போட்டுவிட்டு வந்திருந்தார். ராத்திரி பெய்த மழையில் கார் ஊருக்கு வெளியே கரிசலில் புதைந்துகொள்ள, ஒவ்வொரு ஷூவிலும் இரண்டு கிலோ மண்ணோடு நடந்தே வந்தார்.

துப்பாக்கியைப் பார்த்ததும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். சந்தோஷம் என்று பெரியப்பா நினைத்திருப்பார்.

"யாரும்மா இது மேல சந்தனத்தப் பூசினது? இதுக்குப் பேரு பூசை இல்லம்மா, கொலை" என்றார். பெரியம்மா முகம் சுண்டிப்போயிற்று.

மண்ணெண்ணெயில் துணியை நனைத்து அவர் துடைக்கத் துடைக்க நாங்கள் வாயைப் பிளந்தோம். இரும்பில் ஒரு காட்டெருமை தலையைத் தாழ்த்திக்கொண்டு நின்றது. முதுகு ரோமம் தனித்தனியாகத் தெரிந்தது. அத்தனை வருஷமாக அது அங்கேதான் நின்றிருக்கிறது, எங்களில் ஒருவருக்கும் தெரியாது. பிறகு வலது தோளில் வைத்துப் பார்த்தார், பொருந்தவில்லை. இடது தோளுக்கு மாற்றியதும் சிரித்துவிட்டார். "உங்க ஜமீன்தார் இடது கைக்காரர்! அவர் கன்னம் வந்து படியறதுக்காகவே கட்டைய ஒரு பக்கம் வளைச்சிருக்கான் பாருங்க."

பெரியப்பா தலையைச் சொறிந்தார். "வெயில்ல கோணிப்போச்சுன்னுல்லா நெனச்சேன். நிமித்தணும்னு ஒரு வருசம் அம்மிக்கல்லத் தூக்கி மேல வச்சிருந்தேன், சார்."

பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

துப்பாக்கியின் கழுத்தில் சந்தனம் மேடு தட்டியிருந்தது. தீக்குச்சியால் சுரண்டினார். சின்னதாக ஒரு இரும்புப் பொத்தான் வெளியே வந்தது. அதற்கு முன்னால் தங்கத்தில் நாலு ஆங்கில எழுத்து. நான் எழுத்துக்கூட்டி "சேஃப்" என்று வாசித்தேன். பெரியவர் என் தலையைத் தட்டிக்கொடுத்தார். இந்தப் பொத்தானை முன்னால் தள்ளினால்தான் விசை இழுபடும், சந்தனம் இறுகியதில் இது பல வருஷமாக நகரவே இல்லை என்றார்.

"அது கெடக்கட்டும் சார், காலித் துப்பாக்கிதான்" என்றார் பெரியப்பா.

"திறந்து பாத்திருக்கீங்களா?"

"தெறக்கவா? அது ஒரே வார்ப்புல்லா!"

பெரியவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். குழாயைச் சுவரைப் பார்க்கத் திருப்பிக்கொண்டு, மேலே இருந்த நெம்புகோலில் மண்ணெண்ணெயை விட்டு, கட்டைவிரலால் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளினார். கடக்கென்று துப்பாக்கி நடுவில் மடிந்து தொங்கியது. "ஐயையோ, ஒடிச்சுட்டாரு!" என்றான் தம்பி.

இரண்டு குழாயின் அடியிலும் இரண்டு பித்தளை வட்டங்கள் மினுங்கின.

பெரியவர் ஒன்றை உருவினார். அடுத்ததை உருவினார். ஒவ்வொன்றும் என் உள்ளங்கை நீளம் இருந்தது. பூசைத் தட்டில் குங்குமத்துக்குப் பக்கத்தில் இரண்டையும் நிறுத்தி வைத்தார்.

"ரெண்டும் உயிரோட இருக்கு" என்றார்.

பெரியப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "பஸ்ஸுல... மடியில வச்சு..." என்றார்.

"நேத்து பூசையில யாராவது இதத் தொட்டாங்களா?" என்று கேட்டார் பெரியவர்.

பெரியம்மா என்னைப் பார்த்தாள். நான் பாவாடை நுனியைப் பார்த்தேன். போச்சு, இன்றைக்கு முதுகுத் தோல் உரியப்போகிறது என்று இருந்தது.

"இல்ல சார். ஒருத்தரும் தொடல" என்றாள். பொய் சொன்னால் வாயில் சூடு வைப்பேன் என்று எங்களை மிரட்டுகிறவள்!

போகும்போது பெரியவர் அவள் முன்னால் நின்று கும்பிட்டார். "மன்னிச்சுக்கோங்கம்மா. நீங்க பூசின சந்தனம்தான் இத்தன வருஷமா காவல் இருந்திருக்கு." தோட்டா இரண்டையும் பெரியப்பா அன்றைக்கே ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார். பஸ்ஸில் ஏறவில்லை, வெயிலில் நடந்தே போனார்.

விளக்கு வைக்கிற நேரத்தில் பெரியம்மா என்னைக் கூப்பிட்டுக் கிழக்கே பார்த்து உட்கார வைத்தாள். உப்பு, வற்றல் மிளகாய், முச்சந்தி மண், எல்லாம் அவள் உள்ளங்கையில். மூன்று தரம் என்னைச் சுற்றினாள். துப்பச் சொன்னாள், துப்பினேன். அடுப்பில் போட்டதும் மிளகாய் வெடித்தது.

"தம்பிக்குச் சுத்தலியா பெரியம்மா? அவனத்தான சுட்டேன்?" என்றேன்.

சட்டென்று என் வாயைப் பொத்தினாள். உப்பும் மிளகாயும் ஒட்டியிருந்த கை. உதடு எரிந்தது. "அவனுக்கு ஒண்ணுமில்லட்டி. அவன் பொழச்சுக்கிட்டான். ஒனக்குத்தான்... அது வெடிச்சிருந்தா நீ எப்படி இருந்திருப்ப, ஆயுசுக்கும்..." என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டு அழுதாள். மிளகாய்ப் புகையில் கண் எரிகிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.

விடிந்ததும் முதல் வேலையாகத் தம்பியை எழுப்பிச் சொன்னேன். பெரியம்மாவுக்கு என்னைத்தான் பிடிக்குமாம், அதனால்தான் எனக்கு மட்டும் சுற்றிப் போட்டாளாம். அவன் அதை நம்பி, பாயில் உட்கார்ந்துகொண்டு வெகுநேரம் அழுதான்.